சனிக்கிழமை மெழுகு

எங்கள் பெட்ரோல் பங்கின் வெளிச்சுவரில் ஒரு கரும்பலகை தொங்குகிறது. மற்ற ஊர்களில் அந்த மாதிரி இடத்தில் சாசேஜ் விலையை எழுதிப் போடுவார்கள். எங்கள் பள்ளத்தாக்கில் அன்றைக்கு என்ன மெழுகு என்று எழுதுவோம். எழுதுகிறவன் ஸ்டைனார். பங்கும் கடையும் என்னுடையவை, பலகையும் என்னுடையது, சாக்பீஸும் நான் வாங்கிப் போடுவதுதான். ஆனாலும் அந்தப் பலகையில் ஒரு புள்ளி வைக்க எனக்கு உரிமை கிடையாது. ஒருமுறை ஓரத்தில் 'இன்று சூடான பன் உண்டு' என்று எழுதினேன். "ஆஸ்லாக், ஜனங்க குழம்பிடுவாங்க" என்று சொல்லித் துடைத்துவிட்டான். பன்னை வாங்கி எவனும் சறுக்குக்கட்டையில் பூசமாட்டான் என்று நான் கத்தியது அவன் காதில் ஏறவே இல்லை.

மெழுகு என்றால், காலில் மாட்டிக்கொண்டு பனியில் சறுக்குகிற நீளக் கட்டையின் அடியில், நடுவில், காலடிக்கு நேர் கீழே பூசுகிற மெழுகு. மேடு ஏறும்போது அது பனியைப் பிடித்துக்கொள்ள வேண்டும், உந்தியதும் விட்டுவிட வேண்டும். கடுங்குளிருக்குப் பச்சை, சாதாரணக் குளிருக்கு நீலம், பனி இளகத் தொடங்கினால் ஊதா, சிவப்பு. தப்பாகப் பூசினால் வைத்த காலெல்லாம் பின்னால் வழுக்கும். இல்லையென்றால் காலடியில் பனி அப்பிக்கொண்டு, செங்கல்லைக் கட்டிக்கொண்டு நடக்கிற மாதிரி ஆகிவிடும். எங்கள் பக்கத்தில் குடும்பச் சண்டை குடியால் வந்ததைவிட மெழுகால் வந்ததுதான் அதிகம் என்று நான் சொல்வேன். கொஞ்சம் மிகைதான், ரொம்ப இல்லை.

ஸ்டைனாரும் நானும் ஒரே வகுப்பு. படிப்பில் அவன் நடுவில் இருப்பான், வரிசையில் கடைசியில் நிற்பான், அவ்வளவு உயரம். அவர்கள் பண்ணை மலைச்சரிவில் மேலே இருக்கிறது; அண்ணன் வாங்கிக்கொண்டான். இவன் கீழே ஒரு சின்ன வீட்டுக்கு வந்து, ஊராட்சியில் பனி தள்ளும் வண்டிக்கு டிரைவரானான். குளிர்காலம் முழுக்க விடியுமுன் எழுந்து மேல் பண்ணைகள் வரைக்கும் ரோட்டைத் திறப்பான். கோடையில் பாறை உடைக்கிற கருவியைப் பிடித்துக்கொண்டு ரோடு போடுவான். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், "பனி நிக்கட்டும்னு பாத்தேன், நிக்கவே இல்ல" என்பான். அதையே எத்தனை வருஷம் சொல்வான் ஒருத்தன்? ஆனாலும் ஒவ்வொரு தடவையும் நான் சிரித்துவிடுவேன்.

ஊருக்கு முன்னால் எழுந்து ஊருக்கு முன்னால் பனியைத் தொடுகிறவன் என்பதால், காபி குடிக்க என் கடைக்கு வரும்போது எல்லாரும் அவனைத்தான் கேட்பார்கள். "மேல என்னப்பா, நீலமா, ஊதாவா?" ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லிச் சொல்லிக் காபி ஆறிப்போகும். அதற்காகத்தான் பலகை வந்தது. சனிக்கிழமை காலையில் அவன் எழுதினால் ஊரே அதைப் பார்த்துத்தான் பூசும். எப்போதும் சரியாக இருந்தது என்று சொல்லமாட்டேன். ஒரு வருஷம் 'சிவப்பு' என்று எழுதிவிட்டான், மேலே போனதும் குளிர் இறங்கிவிட்டது. பள்ளத்தாக்கு முழுக்க ஆளாளுக்கு ஒரு சாண் பனியைக் காலடியில் சுமந்துகொண்டு வீடு திரும்பினார்கள். அந்தக் கோடை வரைக்கும் அவனைப் பார்க்கும் இடத்திலெல்லாம் காலில் பனி அப்பின மாதிரி குதிகாலில் நடந்து காட்டினார்கள். அதற்காக அவனைக் கேட்பதை மட்டும் யாரும் நிறுத்தவில்லை.

இனி யூருன். அவள் மேற்குக் கடற்கரையில் ஃபோர்டெ ஊர்க்காரி. அங்கே வருஷம் பூராவும் மழை. விவாகரத்து ஆன பிறகு, பால் வண்டி ஓட்டும் வேலை கிடைத்து இங்கே வந்தாள். பண்ணை பண்ணையாகப் போய்ப் பால் எடுக்கிற பெரிய டேங்கர். அதில் ஏறி உட்கார்ந்தால் இவள் தலை மட்டும்தான் தெரியும், ஆனால் எந்தப் பனியிலும் அந்த வண்டி ஒரு அடி தடம் மாறி நான் பார்த்ததில்லை. பால் எடுக்கிற வழியும் பனி தள்ளுகிற வழியும் ஒன்று. ஸ்டைனார் முன்னால் ரோட்டைத் திறந்துகொண்டே போவான், பின்னாலேயே யூருன் வருவாள். பல குளிர்காலம் அப்படி. மேல் பண்ணை வாசலில் அவன் வண்டியைத் திருப்பி ஒதுங்கி நிற்பான், அவள் கடந்துபோவாள், இருவரும் கையைத் தூக்குவார்கள். அவ்வளவுதான். ஒரு மனுஷன் கையைத் தூக்குவதற்காக அவ்வளவு சுத்தமாக ரோட்டைத் திறந்து வைப்பானா என்று எனக்கு அப்போதே சந்தேகம்.

அவள் வந்த புதிதில் சறுக்கத் தெரியாது. கடையில் எல்லாரும் கிண்டல் செய்வார்கள்.

"உங்க ஊர்ல குழந்தை பிறந்தா குடையோட தான் வருமாமே?"

"ஆமா," என்பாள் அவள். "உங்க ஊர்ல வாயோட தான் வரும் போல."

ஒரு சனிக்கிழமை, புதுக்கட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நேராக ஸ்டைனாரிடம் வந்தாள். கையுறையைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "ஸ்டைனார், இன்னைக்கு என்ன மெழுகு?" என்று கேட்டாள். பலகை வெளியே, மூக்குக்கு முன்னால் தொங்குகிறது. "எழுதியிருக்கே" என்று நான் சொல்ல வாய் திறந்தேன். ஸ்டைனார் அதற்குள் பேச ஆரம்பித்திருந்தான். சாதாரணமாக ஒரு நாளைக்கு நாலு வாக்கியம் பேசுகிறவன், ஏரிக்கரை நிழலில் பனி எப்படி இருக்கும், காடு தாண்டினால் எப்படி மாறும் என்று காபி ஆறிச் சில்லிட்டுப்போகும் வரை பேசினான். அதிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் அதே கேள்வி, அதே கையுறை, அதே ஆறிப்போன காபி.

பிறகு அவன் ஓய்வு பெற்றான். பனி வண்டிக்கு ஹால்வர் வந்தான். நல்ல பையன், ஆனால் ரோட்டோரப் பனியை என் பெட்ரோல் பம்ப் மேலேயே தள்ளிவிட்டுப் போகிறவன். விடியற்காலையில் மலைமேல் கை தூக்குவது நின்றுபோனது. ஸ்டைனாருக்கு மிச்சம் இருந்தது அந்தச் சனிக்கிழமைக் கேள்வி ஒன்றுதான்.

அதற்கும் ஆபத்து வந்தது. அதிருகிற அந்தப் பாறை உடைக்கும் கருவியைப் பல கோடை பிடித்ததன் வினை, அவன் விரல்கள் குளிரில் வெள்ளையாகச் செத்துப்போக ஆரம்பித்தன. மெழுகைப் பூசினால் போதாது, தக்கையால் அழுத்தித் தேய்க்க வேண்டும். தேய்த்தால் விரல் உணர்ச்சி போய்விடும், உணர்ச்சி திரும்பும்போது உயிர் போகும். ஒரு நாள் கடையில் யாரும் இல்லாத நேரம் பார்த்து வந்தான். சாக்லேட்டைப் பார்த்தான், கண்ணாடி துடைக்கும் திரவத்தைப் பார்த்தான், எல்லாம் பார்த்து முடித்துவிட்டு, "அந்த டேப் வச்சிருக்கியா?" என்று தரையைப் பார்த்துக் கேட்டான்.

டேப் என்று ஒன்று உண்டு. சுருளாக வரும். கட்டையின் நடுவில் ஒட்டி, மேலே இருக்கிற தாளை உரித்துவிட்டால் வேலை முடிந்தது. கடுங்குளிரோ இளக்கமோ, எல்லாவற்றுக்கும் அதே டேப். தேய்க்க வேண்டாம், யோசிக்க வேண்டாம், பாதி வழியில் நின்று பூச வேண்டாம். ஒரே தொல்லை, அதற்கு எதைக் கண்டாலும் ஒட்டிக்கொள்ளும் குணம்: ஊசியிலை, நாய் முடி, கையுறை நூல், எதுவும். எங்கள் ஊரில் டேப் ஒட்டுகிறவனைப் பாக்கெட் சூப்பை விருந்தாளிக்குக் கொடுக்கிறவனைப் பார்க்கிற மாதிரி பார்ப்பார்கள். அதனால் நான் அதைக் கல்லாவுக்கு அடியில்தான் வைத்திருந்தேன், கேட்கிறவர்களுக்குக் காகிதப் பையில் சுற்றிக் கொடுத்தேன். யார் யார் கேட்டார்கள் என்று அன்றுவரை ஒருவரிடமும் மூச்சு விட்டதில்லை.

"சொல்லமாட்டேல்ல?" என்றான்.

"டேய், இது என்ன கொலையா? ஒட்டிக்கிட்டுப் போயேன்டா. விரலுக்கு நல்லது."

"பலகை எழுதுறவன் டேப் ஒட்டறான்னு தெரிஞ்சா எவன் பலகையைப் பாப்பான்?"

"பாக்காட்டி போகட்டும். எனக்குப் பன் எழுத இடம் கிடைக்கும்."

அவன் சிரிக்கவில்லை. பையைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு கதவு வரைக்கும் போய்த் திரும்பி நின்றான். "அவ வந்து என்னத்தைக் கேப்பா?" என்றான்.

எனக்கு அவனைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது. அறுபது தாண்டிய ஆள், மலையையே தள்ளி வழி பண்ணினவன், ஒரு கேள்வி போய்விடுமோ என்று என் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். "யாருகிட்டயும் சொல்லமாட்டேன், போ" என்றேன்.

ஆக, தன் கட்டையில் டேப், பலகையில் மெழுகு என்று அவன் வாழ்க்கை ஓடியது. மெழுகைச் சரியாகச் சொல்ல வேண்டுமே என்று முன்னைவிட அதிகமாக அலைந்தான். காலையிலேயே மலைக்குப் போய், பனியைக் கையில் எடுத்துப் பிசைந்து, பழைய கட்டையில் மெழுகைக் கொஞ்சம் தடவிப் பார்த்துவிட்டு வருவான். தனக்குத் தேவையே இல்லாத மெழுகுக்கு அவ்வளவு பாடு.

குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை எங்கள் ஊர்ச் சுற்று. ஏரியின் மேல்முனையில் எல்லாரும் கூடுவோம். அங்கிருந்து மலை ஏறி, கணவாய்க் குடிசையில் வாஃபிளும் ஆரஞ்சும் தின்று, மறுபக்கமாக இறங்கி வருவோம். கிளம்புவதற்கு முன்னால் ஒரு வழக்கம் உண்டு. ஸ்டைனார் முதல் மேட்டில் முதல் அடி வைப்பான். அன்றைய மெழுகை அவன் காலே சோதித்துக் காட்ட வேண்டும். வழுக்காமல் ஏறினால் ஒரு கூச்சல் போட்டுவிட்டு ஊரே பின்னால் ஏறும். டேப் வந்த பிறகும் முதல் அடியை அவன்தான் வைத்தான். கட்டையின் அடியை யார் தூக்கிப் பார்க்கப்போகிறார்கள்?

போன வருஷம் அந்தச் சனிக்கிழமை நல்ல வெயில், கூரையெல்லாம் சொட்டிக்கொண்டிருந்தது. வழக்கமாக ஏரிப் பனிக்கட்டி மேலேயே சறுக்கி வந்துவிடுகிற ஸ்டைனார், கட்டிமேல் தண்ணீர் நின்றதால், சாசேஜும் காபிக் கேனும் ஏற்றிய என் வேனில் வருவதாக ஏற்பாடு. இரண்டு கட்டையையும் தனித்தனியாகச் சுவரில் சாய்த்து வைத்திருந்தான். சேர்த்து வைத்தால் டேப்போடு டேப் ஒட்டிக்கொள்ளும், அதனால் நடுவில் வைக்க என் வேனில் ஒரு பழைய பிளாஸ்டிக் தாள் உண்டு. அது எங்கள் இருவர் ரகசியம். பலகையில் 'ஊதா' என்று எழுதினான்.

யூருன் வந்தாள். கையுறையைக் கழற்றினாள்.

"ஸ்டைனார், இன்னைக்கு என்ன மெழுகு?"

"ஊதா. ஆனா கணவாய்கிட்ட காத்து அடிக்கும், அதனால மெல்லிசா. கனமா பூசினா அப்பிக்கும்."

"மெல்லிசான்னா எவ்வளவு மெல்லிசு?"

"ரொட்டிக்கு ஆஸ்லாக் வெண்ணெய் தடவுற அளவுக்கு."

"அப்படின்னா ஒண்ணுமே பூசக்கூடாது," என்றாள் யூருன். இருவரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அவள் கதவு வரை போனவள் நின்று, முகத்தைத் திருப்பாமலேயே, "என் கார்ல இடம் இருக்கு. வர்றியா?" என்றாள்.

இத்தனை வருஷத்தில் மெழுகு அல்லாத முதல் கேள்வி. ஸ்டைனார் "ம்" என்றான். காபியை வைத்துவிட்டு வெளியே போனான், இல்லை, ஓடினான். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். சுவரில் சாய்ந்திருந்த கட்டைகளை எடுத்தான். எங்கள் ஊரில் நடக்கத் தெரிந்த நாளிலிருந்து எல்லாரும் எப்படி எடுப்போமோ அப்படியே, அடியோடு அடி வைத்து, டப் என்று அடித்து, இரண்டு முனையிலும் வாரைப் போட்டு இறுக்கிக் கட்டினான். மனசு காரில் போய் உட்கார்ந்துவிட்டது, கை மட்டும் பழைய வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.

"அடப் பாவி!" என்று நான் கண்ணாடியைத் தட்டினேன். வழியனுப்புகிறேன் என்று நினைத்து, பல்லெல்லாம் தெரியக் கையை ஆட்டிவிட்டுக் காரில் ஏறிவிட்டான்.

காரில் நடந்ததை இருவரும் தனித்தனியாக என்னிடம் சொன்னார்கள். யூருனுடையது சின்னக் கார், மேலே கட்டைக்கு வசதி இல்லை. ஸ்டைனாரின் கட்டையை இரண்டு இருக்கைக்கும் நடுவே நீளவாக்கில் செருகினார்கள், முனை கியருக்குப் பக்கத்தில். பின்னால் அவளுடைய கட்டைகள் ஏற்கெனவே கிடந்தன. இரண்டுக்கும் நடுவில் கேக் தட்டில் விரிக்கிற தாளை வைத்து மடித்திருந்தாள். மேற்குக் கரைக்காரர்கள் கட்டைக்கும் மழைக்கோட்டு போடுவார்கள் போல என்று இவன் நினைத்துக்கொண்டான். அந்தத் தாளைப் பார்த்த பிறகும் அவனுக்கு உறைக்கவில்லை. ஹீட்டர் முழு வேகத்தில் ஓடியது. "இந்த வருஷம் ஆட்டுக்குட்டி சீக்கிரம் வந்துடும்" என்று அவள் சொன்னாள். "ஆமா" என்று சொல்லித் திரும்பினவன் கண்ணில் தன் கட்டை பட்டது, அடியோடு அடி, சூடான காற்று நேராக அதன்மேல். அப்போதுதான் உறைத்தது. அதற்குப் பிறகு ஏரி முடிகிற வரை அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆட்டுக்குட்டியைப் பற்றி என்ன தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று யூருன் வழியெல்லாம் யோசித்தாளாம்.

நான் வேனை நிறுத்தும்போது ஊரே கூடியிருந்தது. யூருன் கார் நிறுத்த இடம் தேடிக் கீழே போயிருந்தாள். ஸ்டைனார் மேட்டடியில் வாரை அவிழ்த்துவிட்டு, ஊருக்கு முதுகைக் காட்டி, கட்டையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.

"என்னப்பா, முதல் அடி வைக்கலியா?" என்று வந்தான் ஹால்வர்.

"உறைஞ்சுபோச்சு."

"இந்த வெயில்லயா? எனக்கு வேர்க்குது, உன் கட்டை உறையுதா?" ஹால்வர் கையை வைத்து இழுத்துப் பார்த்தான். "ஐயோ, இது கல்யாணமே பண்ணிக்கிச்சுடா!"

"என்னைக் கூப்பிடாம எப்படிப் பண்ணிக்கும்?" என்று எங்கள் ஊர்ப் பெண் பாதிரியார் இங்குன் வந்தாள். ஆட்டுப்பண்ணையில் வளர்ந்தவள், நல்ல பலம். ஒரு கட்டையை அவள் பிடித்தாள், மற்றதை ஹால்வர் பிடித்தான், நடுவில் ஸ்டைனார் "விடுங்க, விடுங்க, நானே பாத்துக்கிறேன்" என்று முனகினான். ஊர் சேர்ந்து ஒண்ணு, ரெண்டு என்று எண்ண ஆரம்பித்துவிட்டது. ஹால்வரின் கை நழுவ, பாதிரியார் இரண்டு கட்டையோடும் பனியில் மல்லாந்து விழுந்தாள். எழுந்திருக்க முடியாமல் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் முகத்தைப் பார்த்தேன். காது வரை சிவந்து, கண் கார் வந்த வழியிலேயே இருந்தது. அவள் வருவதற்குள் முடிந்துவிட வேண்டுமே என்று அவன் வேண்டிக்கொண்டிருந்தது எனக்குக் கேட்காத குறைதான்.

அவள் வந்துவிட்டாள். தன் கட்டைகளைத் தோளில் போட்டபடி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள்.

"நிறுத்துங்க! இழுக்காதீங்க! இழுத்தா டேப் பிஞ்சுடும்!"

டேப் என்ற வார்த்தையை அதுவரை யாருமே சொல்லவில்லை.

அவள் அதைக் கவனிக்கவில்லை. முட்டி போட்டு உட்கார்ந்துவிட்டாள். "சூட்டுல இளகிப் போயிருக்கு. பனியில புதைங்க, விறைக்கட்டும். அப்புறம் முனையில இருந்து கத்தரிக்கோல் மாதிரி ஒண்ணுமேல ஒண்ணைத் திருகணும். ஹால்வர், அங்க நிழல்ல தோண்டு. என்ன பாத்துக்கிட்டு நிக்கிறே?"

ஹால்வர் தோண்டினான். கட்டைகளைப் படுக்க வைத்துப் பனியை மூடினார்கள். அது விறைக்கிற வரை செய்ய ஒன்றும் இல்லை. அவ்வளவு பேர் ஒரு பனி மேட்டைச் சுற்றி நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். அப்போதுதான் யூருனுக்குத் தான் சொன்ன வார்த்தை காதில் விழுந்திருக்க வேண்டும். மெல்ல எழுந்து நின்றாள்.

"டேப்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்றான் ஸ்டைனார். அவன் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

அவள் தோளில் இருந்த கட்டையை இறக்கி வாரை அவிழ்த்தாள். நடுவில் இருந்த கேக் தாளைச் சர்ரென்று உரித்து, அடியைத் திருப்பிக் காட்டினாள். பழைய டேப். ஓரமெல்லாம் தேய்ந்து, ஊசியிலை அப்பி, பல குளிர்காலம் பார்த்த டேப்.

ஸ்டைனார் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"எப்போலேருந்து?"

"நீ பனி வண்டியை விடுறதுக்கு முன்னாடியிலேருந்தே."

"சனிக்கிழமை சனிக்கிழமை வந்து என்ன மெழுகுன்னு கேட்டியே?"

"கேட்டேன்."

"போன வாரம் நீலமா ஊதாவான்னு காபி ஆற ஆறப் பேசினோமே?"

"ஆமா. நல்லா இருந்துச்சு."

"யூருன்," என்றான் அவன். "அப்போ எதுக்குக் கேட்டே?"

அவள் கையுறையை ஒருமுறை கழற்றினாள், ஒருமுறை போட்டாள். பிறகு கோபம் வந்துவிட்டது அவளுக்கு. "வேற என்னத்தைக் கேக்கறது? எப்படி இருக்கேன்னு கேட்டா 'இருக்கேன்'பே. சாப்பிட வர்றியான்னு கேட்டா வீட்டைப் பாத்து ஓடிடுவே. மெழுகுன்னு கேட்டாத்தான் நின்னு பேசறே. நீ நின்னு பேசணும்னு கேட்டேன். போதுமா?"

அவ்வளவு பெரிய ஆள் பனியில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். அழுகிறானோ என்று பயந்து நான் ஒரு எட்டு முன்னால் போனேன். சிரித்துக்கொண்டிருந்தான். தோள் குலுங்க, சத்தமே வராமல், கண்ணில் தண்ணீர் வர. "நான் யாருக்காக மலைக்குப் போய் மெழுகு பாத்துக்கிட்டு இருந்தேன் தெரியுமா?" என்றான். "எனக்கு விரலே வேலை செய்யல யூருன். நீ வந்து கேப்பியேன்னு போனேன்."

நான் சாசேஜ் இடுக்கி பிடித்த கையாலேயே கண்ணைத் துடைக்கப் போய், முகத்தில் எண்ணெய் பூசிக்கொண்டேன்.

அடுத்து வாய் திறந்தவள் பாதிரியார்தான். "கடவுள் முன்னாடி நின்னுக்கிட்டு நானும் மறைக்கக்கூடாது" என்று பெருமூச்சு விட்டு, தன் கட்டையைத் தூக்கித் திருப்பினாள். டேப். ஹால்வர் தலையைச் சொறிந்துகொண்டு தன்னுடையதைத் திருப்பினான். டேப். பின்னால் யாரோ, அதற்குப் பின்னால் யாரோ, ஒவ்வொன்றாகக் கட்டைகளின் அடிப்பக்கம் வெயிலில் திரும்பின.

"பலகையை வாராவாரம் நின்னு படிச்சீங்களேடா!" என்றான் ஸ்டைனார்.

"நீ மனசு கஷ்டப்படுவேன்னு படிச்சோம்," என்றான் ஹால்வர். "தலையை வேற ஆட்டினோம். கழுத்து வலிக்குது."

"எல்லாம் என் கடைச் சரக்கு," என்றேன் நான். "ஒருத்தர் பேரையும் நான் வெளியே விட்டதில்ல. ஆனா யூருன், உனக்கு நான் டேப் வித்ததே இல்லையே?"

"ஃபாகர்னெஸ்ல வாங்கினேன்," என்றாள் அவள், என் கண்ணைப் பார்க்காமல்.

அவ்வளவு சந்தோஷத்திலும் அது எனக்குச் சுருக்கென்றது. பக்கத்திலேயே கடையை வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருக்க, ஒரு சுருள் டேப்புக்காக ஃபாகர்னெஸ் டவுன் வரைக்கும் போயிருக்கிறாள். "உன்கிட்ட வாங்கினா இவன்கிட்ட சொல்லிடுவியோன்னு பயம்" என்றாள். நானா? நான் சொல்வேனா? இதை இப்போது உங்களிடம் சொல்வது வேறு விஷயம்.

கட்டைகளைத் தோண்டி எடுத்தார்கள். யூருன் ஒரு முனை, ஸ்டைனார் ஒரு முனை. அவள் "இப்போ" என்று சொல்ல, இருவரும் எதிரெதிராகத் திருகினார்கள். துணி கிழிகிற மாதிரி ஒரு நீளச் சத்தத்தோடு கட்டை இரண்டாகப் பிரிந்தது. ஊர் போட்ட கூச்சலில் மரத்தில் இருந்த பனி சரிந்தது. ஒரு பக்க டேப் கொஞ்சம் பிய்ந்திருந்தது. தன் பையில் இருந்த சுருளிலிருந்து ஒரு துண்டு வெட்டி அவள் ஒட்டினாள். அவன் விரல் வெள்ளையாக இருப்பதைப் பார்த்துவிட்டு, தாளையும் அவளே உரித்தாள்.

மேட்டடியில் இரண்டு தடம் ஓடுகிறது, பக்கத்தில் பக்கத்தில். ஸ்டைனார் ஒன்றில் நின்றான். வழக்கமாக இந்த இடத்தில் திரும்பிப் பார்க்காமல் காலை உந்தி ஏறிவிடுவான். அன்று ஏறவில்லை. "வா" என்றான். அவள் மற்றத் தடத்தில் வந்து நின்றாள். இரண்டு பேரும் சேர்ந்து முதல் அடி வைத்தார்கள். ஒருவருக்கும் வழுக்கவில்லை.

கணவாய்க் குடிசையில் அன்று வாஃபிளுக்கு ஜாம் போதவில்லை. அதைப் பற்றிப் புகார் செய்யக்கூட ஒருவருக்கும் தோன்றவில்லை என்றால் எப்படிப்பட்ட நாள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது டேப்பை நான் கல்லாவுக்கு மேலேயே அடுக்கி வைத்திருக்கிறேன். பக்கத்தில் கேக் தாளும் வைத்திருக்கிறேன், இரண்டும் சேர்ந்து நன்றாகப் போகிறது. பலகையை எடுத்துவிடலாமா என்று ஸ்டைனார் கேட்டபோது ஊர் ஒத்துக்கொள்ளவில்லை. எனவே இன்னும் எழுதுகிறான். பச்சை, நீலம், ஊதா. நின்று படிக்கிறார்கள், தலையை ஆட்டுகிறார்கள், டேப் கட்டையைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். ஓரத்தில் பன் எழுத மட்டும் இன்னும் எனக்கு அனுமதி இல்லை.

யூருன் இலையுதிர் காலத்திலேயே அவன் வீட்டுக்கு வந்துவிட்டாள். சனிக்கிழமை காலையில் இருவரும் ஒரே வீட்டிலிருந்து, ஒரே காரில் வந்து இறங்குகிறார்கள். அவன் பலகையில் எழுதி முடித்துவிட்டு உள்ளே வந்து காபி ஊற்றிக்கொள்கிறான். அவன் எழுதும்போது பக்கத்திலேயே நின்று பார்த்தவள், சற்று நேரம் வெளியே நின்றுவிட்டு உள்ளே வருகிறாள். கையுறையைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொள்கிறாள்.

"ஸ்டைனார், இன்னைக்கு என்ன மெழுகு?"

அவன் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, யோசித்து, பதில் சொல்ல ஆரம்பிக்கிறான். காபி ஆறுகிறது. நான் வேறு கோப்பை ஊற்றி வைக்கிறேன்.